டப்பாவுக்குள் இருந்த எண்

ஜூலை 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். போத்தனூர் முழுக்க மேற்குக் காற்று. துணி காயவில்லை. பால் அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும். ரோஸி பெங்களூர் போய் ஏழு மாதம். எங்கள் மகள் ஜெனியின் பிரசவத்துக்கென்று போனவள்.

டீக்கடையில் நம் வித்தை. ஓர் எண் நினை, இரட்டிப்பாக்கு, பத்தைக் கூட்டு, பாதியாக்கு, நினைத்ததைக் கழி. விடை ஐந்து! நாற்பது பேர் கூடிவிட்டார்கள். சரி, ஒன்பது பேராவது இருக்கும். கடைக்கார அந்தோணி மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே, "எல்லார்த்துக்கும் அஞ்சேதான் வருது. அப்ப நான் நெனச்சது உங்களுக்குத் தெரியாதுங்களா மாமா?" என்றான். ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜூலை 8, புதன்

சமையலறையில் ஆராய்ச்சி. நினைத்த எண் ஒரு மூடிய டப்பா. இரட்டித்தால் இரண்டு டப்பா. பத்துக் கடலை சேர்த்தேன். பாதி: ஒரு டப்பா, ஐந்து கடலை. டப்பாவை எடுத்துவிட்டால் ஐந்து கடலை மிச்சம். டப்பாவை யாரும் திறக்கவே இல்லை! எட்டாவது வரைதான் படிப்பு, ஆனால் இதைக் கண்டுபிடித்ததில் உலகத்தில் நான் இரண்டாம் ஆளாக இருப்பேன்.

ஆகவே கடைசிக் கழித்தல் வேண்டாம். அவர்கள் சொல்லும் விடையில் நான் ஐந்தைக் கழித்தால், நினைத்த எண்ணே கிடைத்துவிடும்.

எப்போது வருவாய் என்று ரோஸியிடம் நாலு தடவை கேட்டாயிற்று. "பாக்கலாமுங்க" என்பாள்.

ஜூலை 9, வியாழன்

மத்தியானம் போன். எப்போது வருவாய் என்பதை எண்ணாக நினைத்துக்கொள், சொல்லாதே என்றேன். பக்கத்தில் குழந்தையின் சிணுங்கல். கணக்குப் போட்டு எட்டு என்றாள்.

எட்டில் ஐந்து போனால் மூன்று. மூன்றே நாள்! தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. டீக்கடை, சர்ச் வாசல், எல்லா இடத்திலும் சொல்லியாயிற்று.

செய்ய வேண்டியவை:
தலையணை உறை துவைக்க.
வஞ்சிரம், அரை கிலோ.
அவளுடைய மல்லிகை காய்ந்துவிட்டது. புதுச்செடி வாங்கி அதே தொட்டியில்.

ஜூலை 12, ஞாயிறு

பூசை முடிந்து நேரே ஸ்டேஷன். மூன்று வண்டி பார்த்தேன். வரவில்லை. அந்தோணியிடம் வண்டி லேட் என்றேன்.

மீன் நானே தின்றேன். உப்புக் கம்மி.

ஜூலை 13, திங்கள்

காலையில் போன் போட்டுக் கேட்டேவிட்டேன். ஐந்தைக் கழிக்கும் ரகசியத்தையும் சொன்னேன். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

"மூணு சரிதானுங்க. நாளுன்னா நெனச்சீங்க? நான் வருசம் நெனச்சேன். பாப்பா பள்ளிக்கூடம் போற வரைக்கும் ஜெனிக்கு வேற யாருங்க இருக்கா?"

எண் சரியாகத்தான் வந்திருக்கிறது. நம் வித்தை தப்பாது.

அவளே ஒன்று கேட்டாள். நானில்லாமல் எத்தனை நாள் இருப்பீர்கள், இப்போது நீங்கள் நினைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

நினைத்தேன். சைபர். சைபரை இரட்டித்தாலும் சைபர்தான். பத்தைக் கூட்டிப் பாதியாக்கினால் ஐந்து.

ஆயிரத்து ஐந்து என்று சொன்னேன்.



"பொய் சொல்லாதீங்க. அஞ்சுதானுங்க வந்திருக்கும்."