பத்துக்குப் பத்து

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுக்க மச்சானோடு ஆஸ்பத்திரியில். என் மனைவிக்கு ஒரே அண்ணன். கல்யாணமே வேண்டாமென்று மூக்குக்கண்ணாடிக் கடையைக் கட்டிக்கொண்டவர். நிணநீர்ப் புற்று இரண்டாவது முறையாகத் திரும்பியிருக்கிறது. போன வாரம் அவர் ரத்தத்திலிருந்து எடுத்த செல்களை லேபுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவற்றைப் புற்றை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப அவர் உடம்பிலேயே ஏற்றப்போகிறார்கள். கார்-டி சிகிச்சை என்று பெயர்.

டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். "சிலருக்குக் கடுமையான காய்ச்சல் வரும், பிரஷர் இறங்கும், மூளை குழம்பும். யாருக்கு ஜாஸ்தியா வரும்னு முன்னாடியே ஓரளவு கணிக்கலாம். உங்க ரத்த டெஸ்ட், கட்டியோட அளவு எல்லாம் வெச்சுப் பாத்தா, நீங்க ரிஸ்க் அதிகமான குரூப்."

"பள்ளிக்கூடத்துலகூட நான் இவ்வளவு மேல வந்ததில்ல மேடம்" என்றார் மச்சான்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்ததும், "என்ன மச்சான், இதுல என்ன விளையாட்டு?" என்றேன்.

"மாப்ள, அவங்க நான் போயிடுவேன்னு சொல்லல. ஒரு கண்ணு வெச்சுப் பாத்துக்குவோம்னு சொன்னாங்க. கண்ணு விஷயம் எனக்குத் தெரியாதா?"

மார்ச் 9, ஞாயிறு

கூடவே ஒரு ஆள் இருக்கவேண்டும். என் மனைவி ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவள். "ஏங்க, அங்க ஒரே பெட்டுல ரெண்டு பேரப் போடமாட்டாங்க. நீங்களே போங்க" என்றாள்.

ஆக, நான்.

மேனேஜர் லீவுக் கடிதத்தைப் படித்துவிட்டு, "மச்சானுக்காகவா?" என்று இன்னொரு தடவை கேட்டார். எனக்கே ஆச்சரியம்தான். கல்யாணத்தன்று மைக்கைப் பிடுங்கி, "மாப்பிள்ளை என் தங்கச்சிய மேல மேல கொண்டுபோவாரு — லிஃப்ட்ல" என்று கூட்டத்தையே சிரிக்கவைத்த மனுஷன். லிஃப்ட் மெக்கானிக் என்றால் அவ்வளவு இளக்காரம்.

மார்ச் 21, வெள்ளி

நல்ல சேதி. செல்கள் தயாராகும்வரை சும்மா இருக்காமல், இடையில் வேறு மருந்து கொடுத்துக் கட்டிகளைச் சுருக்கப் பார்த்தார்கள். கட்டி சின்னதானால் ஆபத்தும் குறையுமாம். இன்றைய ஸ்கேனில் கழுத்துக் கட்டி பாதியாகியிருக்கிறது.

"அப்போ குரூப் மாறிடுச்சா மேடம்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் எறங்கியிருக்கு. ஆனா இன்னும் நாங்க விடாம கவனிக்கவேண்டிய ஆள்தான்."

வரும் வழியில் மச்சானுக்கு எனக்குத் தெரிந்த பாஷையில் விளக்கினேன். லிஃப்டில் பளு அதிகமென்று மணி அடித்தால் கயிறு அறுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு பேர் இறங்கினால் போதும், ஒழுங்காகப் போகும்.

"உன்ன மட்டும் எறக்கிவிட்டாலே போதும் மாப்ள" என்றார்.

மார்ச் 27, வியாழன்

அட்மிட் ஆகிவிட்டோம். நர்ஸ்கள் மேசைக்கு நேரெதிர் அறை. நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. ரிஸ்க் அதிகமென்பதால் கிடைத்த இடம். "முதல் வரிசை டிக்கெட்" என்கிறார் மச்சான்.

தினமும் ஒரு பரீட்சை உண்டு. என்ன வருஷம், என்ன மாதம், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி. காட்டுகிற மூன்று பொருளுக்குப் பெயர். சொன்னபடி ஒரு செயல். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுவது. ஒரு வாக்கியம் எழுதுவது. மொத்தம் பத்து மார்க். குறைந்தால் மூளையில் குழப்பம் தொடங்குகிறது என்று அர்த்தம். பரீட்சை வைக்கும் நர்ஸுக்கு மச்சான் உடனே 'ஹெட்மாஸ்டர்' என்று பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெண்ணும் கோபித்துக்கொள்ளவில்லை.

தன் கண்ணாடியைக் கழற்றிக் காட்டி, "இது என்ன?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"கண்ணாடி. வலது பக்கம் ஸ்க்ரூ லூஸ். லென்ஸ் பரவாயில்ல, ஃபிரேம்ல உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க."

எழுதிய வாக்கியம்: 'எனக்கு வரும் சாப்பாட்டை என் மாப்பிள்ளை சாப்பிடுகிறார்.' அபாண்டம். ஒரு பழத்துண்டுதான்.

சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போகும்போது டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "மார்க்க மட்டும் நம்பி இருக்காதீங்க. வழக்கமான ஆளா தெரியலன்னா, ஏன்னு புரியலன்னாலும் சொல்லுங்க. வீட்டு ஆளுங்களுக்குத்தான் அது தெரியும்."

ஏப்ரல் 1, செவ்வாய்

செல்களை ஏற்றியாயிற்று. ஒரு சின்னப் பை. இதற்கா இத்தனை அமர்க்களம் என்றிருந்தது. "ஏப்ரல் ஒண்ணாந்தேதி ஏத்துறாங்க. புத்துநோய் ஏமாறுதா, நான் ஏமாறுறேனான்னு பாப்போம்" என்றார் மச்சான்.

ஏப்ரல் 3, வியாழன்

காய்ச்சல் அனலாகக் கொதித்தது. எதிர்பார்த்ததுதான் என்றார்கள். எதிர்பார்த்தால் பயம் வராதா என்ன? மருந்தைத் தயாராகவே வைத்திருந்தார்கள், உடனே ஏற்றினார்கள். சாயங்காலம் தணிந்தது. மனைவி போனில் அழுதாள். "உன் அண்ணன் என் போர்வையையும் சேத்துப் போத்திக்கிட்டாரு" என்றேன். சிரித்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

காலைப் பரீட்சை. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் காட்டினார். "கண்ணாடி" என்றார் மச்சான். பேனா — "பேனா." கடிகாரம் — "கடிகாரம்." நூறு, தொண்ணூறு, எண்பது, தடங்கலே இல்லை. வாக்கியம்: 'இன்று வெயில் அடிக்கிறது.'

பத்துக்குப் பத்து.

ஹெட்மாஸ்டர் கதவருகே போய்விட்டார். நான் மச்சானுக்குத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றார்.

நன்றிங்க! என்னைப் பார்த்து! இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் என்னை ஒரு 'ங்க' போட்டுப் பேசியதுண்டா?

"மச்சான், நான் யாரு?" என்றேன்.

"மாப்பிள்ளை" என்றார் மரியாதையாக. சரியான பதில்தான். ஆனால் 'மாப்ள' இல்லை.

ஓடிப்போய் ஹெட்மாஸ்டரைப் பிடித்தேன். என்னவென்று சொல்வது? மரியாதையா பேசுறாரு, வந்து பாருங்க என்றா? அதையேதான் சொன்னேன். "சிஸ்டர், அவரு ஒரு கிண்டல்கூடப் பண்ணல. என்னைய வாங்க போங்கங்கறாரு. இது எங்க மச்சான் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. "உங்க ஃபிரேம் மட்டம்னு இன்னிக்கு சொல்லலையேன்னு எனக்கும் ஒரு மாதிரியாதான் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். டாக்டரம்மா வந்தார். சீக்கிரம் சீக்கிரமாகப் பரீட்சை வைக்கச் சொன்னார், மருந்தை எடுத்துவைக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் எண்பதோடு எண்ணிக்கை நின்றுவிட்டது. பேனாவைக் காட்டினால், "அது... அது..." கையெழுத்து கோழி கிளறியதுபோல. உடனே ஸ்டீராய்டு ஏற்றினார்கள்.

டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "வேற ஒருத்தரா இருந்தா தூக்கக் கலக்கம்னு விட்டிருப்போம். இவருக்கு வரலாம்னு முன்னாடியே தெரியும், அதனால விடல. தொடக்கத்துலயே பிடிச்சுட்டோம்."

பிடித்துவிட்டார்கள். சரி. ஆனாலும் இன்று ராத்திரி நான் தூங்கப்போவதில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

பேச்சே இல்லை. பேனாவைக் காட்டினால் பேனாவையே பார்க்கிறார். ஏதாவது திட்டித் தொலையேன் மச்சான்.

ஏப்ரல் 9, புதன்

நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். யாரோ கூப்பிடுகிற சத்தம்.

"மாப்ள... யோவ் மாப்ள! நீ விடுற குறட்டைல பக்கத்து ரூம் பேஷண்டுக்குக் காய்ச்சல் வந்துடும்யா."

எழுந்து நின்று அழுதேன். "எதுக்குய்யா அழற, குறட்டைதானே?" என்றார். பிறகு ஹெட்மாஸ்டர் வந்து மார்க் போட்டார். எட்டு. அந்த எட்டில் கிடைத்த சந்தோஷம் அன்றைய பத்தில் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு வாடகை அறையில் சில வாரம் இருக்கவேண்டும். ஒரே அறை, ஒரே விசிறி, ஒரே மச்சான். விசிறி யார் பக்கம் திரும்பவேண்டும் என்று இதுவரை மூன்று சண்டை.

மே 2, வெள்ளி

ஸ்கேன் முடிவு வந்தது. எங்கும் நோய் தெரியவில்லை. டாக்டரம்மா அதை இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை எங்கள் காதில் ஏறவில்லை. மச்சான் ஒரு கிண்டல்கூடப் பண்ணவில்லை. பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

ஜூன் 20, வெள்ளி

மறுபடி வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. ஆறு மாடிக் கட்டடம், மூன்றாம் மாடியில் லிஃப்ட் சிக்கிக்கொண்டது. கையெல்லாம் கிரீஸ். போன் அடித்தது. மச்சான்தான். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்.

"மாப்ள, வேலையா இருக்கியா?"

"ஆமா. என்ன, காய்ச்சலா?"

"சேச்சே. வரும்போது ஒரு சீப்பு வாங்கிட்டு வா."

சீப்பா? மருந்தில் முடி மொத்தமும் கொட்டிப்போன தலை.

"சின்னதா போதும்யா" என்றார். "இப்போதைக்கு."