பத்து லிட்டர்

மார்ச் 3, திங்கள்
காலையிலிருந்து தலைவலி. கிடங்கில் தராசு பழுது. கம்பியின் துருவை எடுக்கும் சூடான தொட்டிக்கு எப்போதும் பத்து கிலோ கந்தக அமிலம் நிறுத்து ஊற்றுவார்கள். “தராசு வர்ற வரைக்கும் எத்தனை லிட்டர் ஊத்தணும்னு எழுதிக் குடும்மா” என்றார் தொட்டிக்கார அண்ணன், ஆய்வுக்கூடத்துக்கு வந்து. பத்து லிட்டர் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மார்ச் 4, செவ்வாய்
அமிலம் ஊற்றும்போது தொட்டி கொதித்துத் தெறித்துவிட்டது. அண்ணன் அலறியது ஆய்வுக்கூடம் வரை கேட்டது. முகமெல்லாம் வெந்திருந்தது. “அவசரப்பட்டுக் கொட்டியிருப்பான்” என்கிறார் மேனேஜர்.

மார்ச் 5, புதன்
தண்ணீர்தான் லிட்டருக்கு ஒரு கிலோ. இந்த அமிலம் லிட்டருக்கு 1.84 கிலோ. பத்து லிட்டர் என்றால் 18.4 கிலோ. அதில் 98 சதவீதம், பதினெட்டு கிலோ சுத்த அமிலம். வேண்டியது 9.8. ஐந்தரை லிட்டரே அதிகம்! தண்ணீரில் கலக்கும்போது கிளம்பும் சூடும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.
இரண்டு எண்ணும் பீப்பாயிலேயே அச்சடித்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற கணக்கு. நான் எப்படி...?
சீட்டு அவர் சட்டைப்பையில் இருந்ததாம். அந்தச் சட்டையே இப்போது இல்லை.

மார்ச் 7
வலது கண் போய்விட்டது.

மார்ச் 10, திங்கள்
அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். வேலையும் போயிற்று. அவர் மனைவி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க படிச்சவங்க, சொல்லுங்கம்மா. இருபது வருஷமா ஊத்துற கை அன்னைக்கு மட்டும் எப்படித் தவறும்?”
குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். தண்ணீர்! அதுதானா கொடுக்கத் தெரிந்தது எனக்கு?

மார்ச் 12
“என் கைதான் தவறிடுச்சு போல” என்று ஆஸ்பத்திரியில் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். தங்கச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “வாயைத் திறக்காதக்கா, உன் வேலை போயிடும்” என்றாள்.

மார்ச் 13, வியாழன்
கணக்கை முழுசாக ஒரு தாளில் எழுதி, பிழை என்னுடையது என்று கையெழுத்திட்டு மேனேஜரிடம் நீட்டினேன். “யாரும் கேக்காததை நீயா ஏம்மா இழுத்து விட்டுக்கற?” என்றார். இன்னொரு பிரதியைச் சங்கத்தில் கொடுத்தாயிற்று என்றேன்.

மார்ச் 28
அண்ணன் மேல் போட்ட குற்றத்தை நீக்கிவிட்டார்கள். என்னையும் நீக்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு
இன்றுதான் அவர் வீட்டுக்குப் போகத் துணிவு வந்தது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் கூசுகிறதாம். மன்னிப்புக் கேட்டேன்.
“கணக்கு யாருக்கும் தப்பும்மா. அதை விடு” என்றார். நிம்மதியாக மூச்சு விடப் போனேன். “தப்புன்னு எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”
“மறுநாளே...”
விரல்விட்டு எண்ணினார். “எட்டு நாள். கண்ணு போன வலியோட, நானே கெடுத்துக்கிட்டேனேன்னு அழுதுட்டுக் கிடந்தேன். அந்த எட்டு நாளும் நீ என்னம்மா பண்ணிட்டிருந்த?”
எழுந்துகொண்டேன். வாசல் வரை வந்தது அவர் மனைவி மட்டும்தான்.