பச்சை டிக் விழுந்த மரச்சீனித் தட்டு

அனுப்புநர்:
பிரேமகுமாரி (வயது 51),
க/பெ. சிவதாணு,
சாயாக்கடை, வண்டிச்சால் முக்கு,
பாறசாலை அருகில், நெய்யாற்றின்கரை தாலுகா.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ அதிகாரி அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: சர்க்கரை நோய்க்குத் தனிப்பயிற்சி தருவதாக வந்த ‘பச்சைத் தட்டு’ கம்பெனி, என் கணவரை அறுபத்திரண்டு நாள் மரச்சீனிக் கிழங்கு தின்ன வைத்ததும், அவரைக் கள்ளன் ஆக்கியதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மலையாளம் வாயில் வரும், கையில் வராது. தமிழில் எழுதினாலும் வாங்கிக்கொள்வார்கள் என்று எங்கள் வார்டு மெம்பர் ஷீனா சொன்னதால் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளவும். கோபத்தைப் பொறுக்க வேண்டாம், அது பிழையில்லை.

1. என் கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. 11.08.2024 அன்று எங்கள் ஊர் வாசகசாலையில் அந்தக் கம்பெனி முகாம் போட்டு முப்பத்தொரு பேரைச் சேர்த்தது. சாப்பிடும் தட்டை வேளாவேளைக்குப் படம் எடுத்துப் போனில் அனுப்ப வேண்டும். நல்ல சாப்பாடு என்றால் பச்சை டிக், ஆகாதது என்றால் சிவப்பு. தனிப்பயிற்சி என்று பேர். முப்பத்தொரு பேருக்கும் நந்தனா என்ற ஒரே பெண்தான். அவர் எந்த ஊரிலிருந்து பேசினார் என்பது இன்றுவரை தெரியாது.

2. மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, ஆகாது என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொன்னது உண்டு. ஆனால் பால் வெட்டிவிட்டு வருகிறவருக்குக் கிழங்கும் மீனும் இல்லாமல் பொழுது விடியாது. அதனால் தேங்காய் அரைத்துச் சேர்த்து, கடுகு தாளித்து மசித்த கிழங்கை, பயந்து பயந்து படம் எடுத்து அனுப்பினேன். பச்சை டிக் வந்தது. கூடவே ஒரு இதயப் படமும், “சோறு இல்லாம சமாளிச்சிருக்கீங்க, இப்படியே தொடருங்க” என்ற பாராட்டும் வந்தன. என் கணவர் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. அன்று முதல் மூன்று வேளையும் கிழங்குதான். படித்தவர்கள் சொன்னதை நம்பினோம், எங்கள் குற்றம் அவ்வளவே.

3. ஒரு மாதத்தில் சர்க்கரை 190இலிருந்து 340 ஆனது. வாராவாரம் நடக்கும் வீடியோ கூட்டத்தில், முப்பது குடும்பமும் பார்த்திருக்க, “ஒளிச்சு வச்சு இனிப்பு சாப்பிடுறவங்கள நான் எப்படித் திருத்துறது?” என்று அந்தப் பெண் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் நான், ஐயா. ஆளைக் கிண்டல் செய்யாமல் எனக்கு ஒரு சாயா ஆற்ற வராது. “அல்வாய எங்க ஒளிச்சு வச்சிருக்கீரு ஓய், ரப்பர் மரத்து மூட்டிலயா?” என்று கடையில் வைத்தே கேட்டேன். கருப்பட்டி டின்னைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். தினமும் சாயா குடிக்க வரும் சுவாமிதாஸ் அந்த அல்வாப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, “எலே அல்வாக் கள்ளா, எனக்கும் ஒரு துண்டு தாலே” என்றார். பெயர் ஊருக்குள் நின்றுவிட்டது. “நான் திங்கல்ல பிரேமா. படம் எடுக்கியது நீயாக்கும்” என்று என் கணவர் ஒரே ஒருமுறை சொன்னார். அதன் பிறகு கடைக்குப் பின்வாசல் வழியாகத்தான் வருவார்.

4. செப்டம்பர் கடைசியில், பால் வடியும் சிரட்டை உடைந்து கிடந்ததில் அவர் இடது காலை வைத்துவிட்டார். வலி தெரியவில்லை. காயத்தைச் சொன்னால் மறுபடி அல்வாப் பேச்சு வரும் என்று துணி சுற்றி மறைத்தார். நாற்றம் வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. 24.10.2024 அன்று ஆஸ்பத்திரியில் அந்தக் காலின் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

5. என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா கேட்டபோது, பச்சை டிக் விழுந்த படங்களைப் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒரே பார்வையில், “அய்யோ, இது மரச்சீனியல்லே! இதுக்கு ஆராக்கும் பச்ச டிக் போட்டது?” என்று கேட்டார். நந்தனாவுக்குப் போன் போட்டேன். “படத்துல முட்டைக்கோஸ் பொரியல் மாதிரி இருந்துச்சு அக்கா” என்றார். மறுநாள் எங்கள் நம்பரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஒரு மனிதன் அறுபத்திரண்டு நாள் மூன்று வேளையும் முட்டைக்கோஸ் தின்பானா ஐயா? மாடுகூட முகத்தைத் திருப்பும். ‘இது என்ன கறி’ என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால் என் கணவர் பத்து விரலோடு நடந்திருப்பார்.

6. நானும் ஷீனாவும் மற்ற முப்பது வீட்டுக்கும் போனோம். பதினேழு வீட்டில் இதே கிழங்கு, இதே டிக். மேலத்தெரு ஈசாக் அண்ணனிடம் வேண்டாம் என்று கெஞ்சினேன். “பச்ச டிக் உண்டுல்லா” என்று சொல்லி அடுத்த வாயை எடுத்து வைத்தார். இந்த மனுவை நீங்கள் படிக்கும் நேரத்திலும் அவர் தின்றுகொண்டுதான் இருப்பார்.

ஆகவே ஐயா, அந்த டிக்குகளை உடனே நிறுத்த வேண்டும். எங்கள் அடுக்களையை நேரில் பார்த்த ஒருவர் வீடுவீடாக வந்து தட்டையும் பார்க்க வேண்டும், காலையும் பார்க்க வேண்டும். போன விரல் திரும்பாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சிவதாணு ஒளித்துத் தின்னவில்லை என்பதை, அதே வீடியோ கூட்டத்தில், அதே முப்பது குடும்பமும் பார்க்க அந்தப் பெண் சொல்ல வேண்டும். அப்போது நானும் அவர் பக்கத்தில் நின்று என் பங்கைச் சொல்வேன். வீட்டில் அவரிடம் என் தப்பைச் சொல்லிப் பார்த்துவிட்டேன், “போட்டும்” என்கிறார். ஆனால் இன்னும் கடையின் முன்பக்கத்து பெஞ்சில் வந்து உட்காரவில்லை.

அவர் வந்து உட்காரும்வரை இந்த மனுவைத் திரும்பத் திரும்ப அனுப்புவேன் என்று மரியாதையுடன் தெரிவிக்கிறேன்.

இடம்: வண்டிச்சால் முக்கு
நாள்: 18.11.2024

இப்படிக்கு,
பிரேமகுமாரி
(கையொப்பம்)

இணைப்பு: டிக் விழுந்த தட்டுப் படங்கள், நாளுக்கு ஒன்றாக 62. அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். 51ஆம் படத்தில் தட்டின் ஓரத்தில் துணி சுற்றிய இடது கால் தெரிகிறது. டிக் போட்டவரும் அதைப் பார்க்கவில்லை, படம் எடுத்த நானும் பார்க்கவில்லை. நீங்களாவது பார்க்கவும்.