மூடிய அறைக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

ஜூலை 8, 2025 – பொந்தியான்

செல்வராணி அக்காவின் பேட்டியை இன்று எடிட்டிங்குக்குத் திறந்தேன். செடெனாக் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், ரசாயனப் புகை சூழ்ந்த பிரிவில் வேலை. இருமாமல் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியவில்லை அவரால். அவரைப்போல் இன்னும் பல பெண்கள். எல்லார் முகத்தையும் மறைத்து, குரலை மாற்றி, 25ஆம் தேதிக்குள் தொழிற்சங்கத்திடம் தர வேண்டும். அன்றுதான் கையுறை வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வருகிறார்கள்.

முகம் மறைக்கும் மென்பொருள் ஊர்கிறது. ஒரு நிமிடப் படத்துக்கு அரை நாள்! காரணம் தெரிந்ததுதான். இந்தக் கணினியில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மெய்நிகர் அறை, கணினிக்குள் குட்டிக் கணினி மாதிரி. ஒன்றில் வைரஸ் நுழைந்தாலும் அடுத்ததற்குத் தாவாது. அதே பாதுகாப்புக்காக எந்த அறைக்கும் படவேலையை வேகமாக்கும் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. எல்லாச் சுமையும் ப்ராசஸர் தலையில்.

ஜூலை 10

தொழிற்சங்கக் கஸ்தூரியிடம் போனில் கேட்டேன், சாதாரணக் கணினியில் செய்துவிடலாமா என்று.

"வேணாம் ஜஹானாரா. போன வருஷம் அப்படித்தான் யாரோ அனுப்புன ஃபைலத் தொறந்தோம். பேரெல்லாம் வெளிய போயி, நமக்குத் தகவல் தந்த டோரிஸுக்கு வேலை போச்சு. இன்னொரு தடவ அப்படி ஆனா யாரு மூஞ்சில நான் முழிக்கிறது?"

சாதாரணக் கணினி யோசனையை அதோடு விட்டேன்.

ஜூலை 12

வழி இருக்கிறது. திரைக்கு இருப்பது போக, இரண்டாவது கார்டு! கணினி எழும்போதே அதை மற்ற எல்லாவற்றிடமிருந்தும் மறைத்துவிட்டு, இணையமே இல்லாத ஒரே ஓர் அறைக்கு மட்டும் கொடுப்பது. முகங்கள் அந்த அறையைத் தாண்டாது.

கணவர் சுப்ஹான் எங்கள் ரெஸ்டாரண்டை ஆளிடம் விட்டுவிட்டு ஜேபி நகரத்துக்குப் போய்ப் பழைய கார்டு ஒன்று வாங்கி வந்தார். "எவ்ளோ பெருசு! இதுமேலயே ரொட்டி சானாய் போடலாம் லா."

ஜூலை 14

கார்டைப் பொருத்தி அந்த அறையைத் திறந்தேன். கறுப்புத் திரை.

ஜூலை 15

மறுபடியும் கறுப்பு. கார்டு தெரிகிறது, டிரைவர் மென்பொருள் ஏறுகிறது, உடனே செத்துப்போகிறது. ஸ்லாட்டை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். என்னால முடியல. இத்தன பேரு என்னய நம்பி வாயத் தொறந்திருக்காங்க – நான் எதுக்குச் சரின்னு சொன்னேன்?

ஜூலை 17

சோதனைக்காகப் புதிய அறை ஒன்றை உருவாக்கினேன். அவசரத்தில் நினைவகத்தைக் கூட்ட மறந்துபோய், இரண்டே ஜிபி. கார்டு விழித்துக்கொண்டது! பதினாறாக்கினேன் – செத்தது. திரும்ப இரண்டு – உயிர்!

அப்படியென்றால் பழுது கார்டில் இல்லை. நினைவகம் பெருத்தால், கார்டு உட்கார வேண்டிய முகவரிகளையும் அதுவே பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் தள்ளி உட்கார் என்று நினைவகத்துக்குச் சொல்லும் ஒரு வரியை அமைப்பில் சேர்த்தேன். பதினாறு ஜிபியும் வந்தது, கார்டும் வந்தது.

அரை நாள் இழுத்த அந்த ஒரு நிமிடப் படம், ஒரு கோப்பை தே தாரிக் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் சுப்ஹான் கரண்டியோடு ஓடி வந்தார்.

"அலமாக், ஷாக் அடிச்சிருச்சா?"

"ஓடுது மச்சான், ஓடுது!"

ஜூலை 22

முழுப் படத்தையும் நான்காவது தடவையாகப் பார்த்தேன். ஒரு காட்சியில், பின்னாலிருந்த அலமாரிக் கண்ணாடியில் செல்வராணி அக்காவின் முகம். அங்கேயே படத்தை நிறுத்தினேன். மறைத்துவிட்டேன். பழைய வேகத்தில் ஒரு தடவைகூட மறைத்து முடித்திருக்க மாட்டேன்.

ஜூலை 25

ஆய்வாளர்களுடனான கூட்டத்தில் படம் ஓடி முடிந்ததும் தொழிற்சாலை மேலாளர் எழுந்து, "யாரு இவங்கல்லாம்? எங்க ஆளுங்களே இல்ல" என்றாராம்.

"ஒங்க ஆளுங்கதான் சார். யாருன்னு தெரியலல்ல? அது போதும்" என்றாளாம் கஸ்தூரி. ஆய்வாளர்கள் அங்கிருந்து நேராகத் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறார்கள்.

அல்ஹம்துலில்லாஹ்.

ஆகஸ்ட் 30

செல்வராணி அக்காவின் பிரிவை நிறுத்திவைத்துப் புகை உறிஞ்சும் இயந்திரங்கள் போட்டாகிவிட்டது. பேசியதற்காக யாரையும் நீக்கமாட்டோம் என்று நிர்வாகத்தின் கையெழுத்து. டோரிஸ் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குத் திரும்புகிறாள்.

மதியம் செல்வராணி அக்கா ரெஸ்டாரண்டுக்கு வந்திருந்தார். இருமல் குறைந்திருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அடுத்த படம் எடுத்தா என் மூஞ்சிய மறைக்காத லா. நல்லாத் தெரியட்டும்."