கதவடைத்துப் பாடிய பாட்டு

மார்ச் 4

அன்புத் தங்கச்சி பெட்டிக்காரிக்கு,

சாப்பிட்டு, சண்டை போட்டு, எல்லோரும் நன்றாகவே இருக்கிறோம். நீ கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபின், நாற்றங்காலில் மண் நிரப்பும் பைகளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். அவை உன்னைப்போல் எதிர்த்துப் பேசுவதில்லை.

அம்மா போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. கிடையில் கிடந்த ஏழு வாரமும் துணி மாற்றி, முதுகு துடைத்து, பெற்ற மகள் மாதிரி பார்த்துக்கொண்டாய். அதனால்தான் அம்மாவின் உடலை வைத்துக் கதவடைத்து வழியனுப்புப் பாட்டுப் பாடும்போது, வெளியாளை விடமாட்டோம் என்ற பெண்களிடம், "இவ என் தங்கச்சி. இவளுக்கு நான் பொறுப்பு" என்று மல்லுக்கு நின்றேன். நீயும் கேமராவை மூடி என் மடியிலேயே வைத்துவிட்டாய்.

படம் முடிந்ததா? வேலை வேலை என்று சோறு தண்ணியை மறந்துவிடாதே.

உன் அக்கா

ஏப்ரல் 19

அன்பு அக்காவுக்கு,

படம் முடிந்தது! பழங்குடி மக்களின் வழக்கங்களைப் படமெடுக்க உதவும் அந்த அறக்கட்டளை, தங்களிடம் வந்ததிலேயே இதுதான் சிறந்தது என்று சொல்லிவிட்டது. அடுத்த படத்துக்கும் அவர்களே உதவுகிறார்கள். உன் முகம் திரை முழுக்க வருகிறது. உன் மூக்கு அவ்வளவு பெரிசு என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மே மாதம் உங்கள் பள்ளிக்கூடத்தில் போட்டுக்காட்ட வருகிறார்கள். எனக்கு வேறு ஊரில் வேலை, வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

உன் பெட்டிக்காரி

மே 23

தங்கச்சிக்கு,

படம் பார்த்தோம். என் மூக்கைப் பார்த்து ஊரே சிரித்தது. பிறகு எங்கள் வீட்டு மூடிய கதவு வந்தது. கூடவே பாட்டும் வந்தது. அதில் என் குரல்தான் முன்னால் நின்றது.

உடல் வீட்டில் இல்லாதபோது அந்தப் பாட்டுக் கேட்டால் அடுத்த சாவைக் கூப்பிட்ட மாதிரி என்று உனக்கு எத்தனை தடவை சொன்னேன்! பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டு பெண்கள் வெளியே ஓடினார்கள். சின்னம்மா என் எதிரில் வந்து, "நீதானே பொறுப்புன்னு சொன்னே?" என்றாள். இனி எந்தச் சாவு வீட்டிலும் என்னைப் பாட உட்காரவைக்க மாட்டார்கள்.

கேமரா என் மடியில்தானே இருந்தது? எப்படிடி?

அக்கா

ஜூன் 2

அக்கா,

உன் காலில் விழுகிறேன். ஒலிப்பதிவுக் கருவி பைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டேன். ஊருக்கு வந்து போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. அழிக்கத்தான் நினைத்தேன். அறக்கட்டளைக்காரர்கள், "இது இல்லாம படமே இல்ல" என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். நான் என்ன செய்வேன், சொல். தெரியாமல் நடந்ததை மன்னிக்க மாட்டாயா?

பெட்டிக்காரி

ஜூலை 11

அன்று படம் போட வந்த அறக்கட்டளை அம்மாள் மறுபடி வந்தார். "எங்க பாட்டுக்கு ஏம்மா அப்படிப் பிடிவாதம் பிடிச்சீங்க?" என்று கேட்டேன். அவர் முழித்தார். "நாங்க கேக்கவே இல்லையே! விண்ணப்பத்துல அவங்களேதானே எழுதியிருந்தாங்க" என்று காகிதத்தை எடுத்துக் காட்டினார்.

கீழே உன் கையெழுத்து. நீ இங்கே வருவதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி. "நோயுற்ற முதியவர் உள்ள வீடாகப் பார்த்துத் தங்குவேன். அவர் மறையும்போது, இதுவரை யாரும் பதிவு செய்யாத பாட்டு பதிவு செய்யப்படும். படப்பிடிப்பு முடியும் நாள்: ஜனவரி 15."

அம்மா போனது ஜனவரி 10.

கடைசி வாரம், "டாக்டர் என்ன சொல்றாரு, இன்னும் எத்தனை நாளாம்?" என்று தினமும் கேட்டாய். பாசத்தில் தவிக்கிறாய் என்று நினைத்து, உன்னை உட்காரவைத்து நான் தேற்றினேன். பாவி!

போன வாரம் சின்னம்மாவும் போய்விட்டாள். வயசாகித்தான் போனாள். ஆனாலும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். உள்ளே கதவடைத்துப் பாடினார்கள். நான் தெருவில் நின்றேன்.

பாட்டைத் திருடியதைக்கூட என்றைக்காவது பொறுத்துக்கொள்வேன். அம்மாவுக்குத் தண்ணீர்கூட இறங்காத அன்று என் தோளில் சாய்ந்து அழுதாயே, அப்போதும் நாட்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாயா?

பதில் போடாதே. நீ எதை எழுதினாலும் நான் நம்பப்போவதில்லை.