ஆளில்லாத கோல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருகிறோம். அதை நலம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் அண்ணன் வீட்டில் உங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்றுதான் தெரியவில்லை. பத்து நாளாகப் போனை அணைத்து வைத்திருக்கிறீர்கள். அதனால் விலைப்பட்டியலைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழகாத கை இன்று கடிதத்துக்குப் பேனா பிடித்திருக்கிறது. தப்பும் தவறும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டாம் என்று என் மகள் சொன்னாள். "அவரை விட்டுடுங்கப்பா. அவரா ஒரு முடிவுக்கு வரட்டும்" என்றாள். உங்கள் அத்தையோ, "இன்னும் எழுதலையா? கடையில உக்காந்து என்னத்தக் கிழிக்கிறீங்க?" என்கிறாள். ஆகவே மகளிடம் எழுதவில்லை என்றும் அத்தையிடம் எழுதிவிட்டேன் என்றும் சொல்லப்போகிறேன். இரண்டு பேரோடும் ஒரே வீட்டில் இருந்து பார்த்தால் உங்களுக்கே புரியும்.

முதலில் செய்தி. கிளப் மேனேஜர் நேற்றுக் கடைக்கு வந்தார். கயிறு வாங்க வந்தவர்போல இரண்டு சுருளை எடுத்து முறுக்கிப் பார்த்தார். அவர் வாங்கப்போவதில்லை என்று வாசல்படி ஏறும்போதே எனக்குத் தெரியும். சரக்கு வாங்க வருகிறவன் முதலில் விலையைக் கேட்பான். "உங்க மாப்பிள்ளைய நாங்க போகச் சொல்லல சார். அவராத்தான் கையுறையைக் கழட்டி என் மேசைமேல வெச்சிட்டுப் போனார்" என்றார். வியாழக்கிழமை மாலைக்குள் நீங்கள் பயிற்சிக்கு வரவில்லை என்றால், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள நீங்களே விரும்புவதாக எடுத்துக்கொண்டு வேறு கோல்கீப்பரைப் பார்ப்பார்களாம். குரலில் மிரட்டல் இல்லை. நீங்கள் வரவேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

முப்பத்திரண்டு வயதில், சீசன் நடுவில், தானாக இறங்கிப்போன கோல்கீப்பரை வேறு எந்த அணியும் உடனே கூப்பிடாது. இது உங்களுக்கும் தெரியும். நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன், அதனால் எழுதிவிட்டேன்.

நீங்கள் போன பிறகு ஒரு ஆட்டம் நடந்தது. மூன்று பூஜ்யம், நமக்குத்தான் பூஜ்யம். தொடர்ந்து ஏழாவது தோல்வி. சீசன் தொடங்கி இரண்டு மாதம் நான்காவது இடத்தில் இருந்த அணி இப்போது பதினைந்தாவது இடத்தில் கிடக்கிறது. ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு இதில் பெரிய ரகசியம் எதுவும் தெரியவில்லை. கோல் அடிப்பவருக்கு முழங்கால் போனது. நடுவில் ஓடி ஓடிப் பந்தைப் பிடுங்கிக் கொடுத்தவரை நல்ல விலைக்கு விற்றார்கள். மீதி இருப்பவர்கள் மாற்று ஆள் இல்லாமல் ஆடி ஆடிக் களைத்துப்போனார்கள். அலமாரி காலியாக இருக்கிற கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனைத் திட்டி என்ன பயன்? ஆனால் திட்டுகிறார்கள். பயிற்சியாளரைத் திட்டுகிறார்கள், புல்லைத் திட்டுகிறார்கள், டிக்கெட் கிழிப்பவரைக்கூடத் திட்டுகிறார்கள். உங்களுக்குப் பதில் நின்ற பையன் நன்றாகத்தான் பாய்ந்தான். ஆனால் தொண்ணூறு நிமிடமும் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசைக்காரர்கள் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோலுக்குப் பின்னால் உட்காருகிற எங்களுக்கு மட்டும் கேட்கிற ஒன்று இருக்கிறது. நீங்கள் விடாமல் பேசுவீர்கள். "இடது பக்கம், இடது பக்கம். நல்லா பண்ணே. விடு, அடுத்ததைப் பாரு." யாராவது தப்பாக உதைத்து கோல் விழுந்தால், உங்கள் மேல் குற்றமே இல்லாவிட்டாலும் கையைத் தூக்கி, "என்னோடது, என்னோடது" என்பீர்கள். டிவியில் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. என்னிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். இத்தனை வருடத்தில் அவர்களில் ஒருவரிடமும் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. சரக்கு தவறான இடத்துக்குப் போனால் யார் ஏற்றியது என்றுதான் முதலில் கேட்பேன்.

அடுத்தது, உங்கள் காதுக்கு வேறு யார் மூலமோ திரித்து வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ரசிகர் சங்கத்துத் தலைவரை உங்களுக்குத் தெரியும். சலூன் வைத்திருப்பவர், நாங்கள் விசில் என்று கூப்பிடுவோமே, அவர். நீங்கள் போன மூன்றாம் நாள் கடைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பன்னிரண்டு மீட்டர் அகலத்தில் வெள்ளைத் தார்ப்பாய் வேண்டுமாம். எதற்கு என்றேன். "முதலாளி, கோவிச்சுக்காதீங்க. உங்க மாப்பிள்ளையப் பத்தி நாலு வார்த்தை எழுதித் தொங்கவிடணும். இவ்ளோ அகலம் உங்ககிட்டதான் கிடைக்கும்" என்றார். முப்பது வருட வியாபாரத்தில் இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கடையை அடைத்ததும் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு சலூனுக்குப் போனேன். உள்ளே பதினைந்து பேர் இருந்தார்கள். பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியிலும் நான்தான் தெரிந்தேன்.

சுருளைத் தரையில் வைத்துவிட்டு ஒன்று கேட்டேன். அன்றைக்குக் கடைசி நிமிடத்தில் "முன்னால போ" என்று கத்தாதவர்கள் கை தூக்குங்கள் என்றேன்.

ஒரு கைதான் உயர்ந்தது, பஸ்காரருடையது. "நான் அன்னைக்கு டூட்டி. வரவே இல்ல" என்றார்.

மாப்பிள்ளை, அந்த நிமிடத்தைப் பற்றி நாம் இதுவரை பேசவில்லை. ஐந்து தோல்விக்குப் பிறகு அன்று ஒன்றுக்கு ஒன்று என்று நின்றிருந்தோம். ஒரு புள்ளி கையில் இருந்தது. கூடுதல் நேரத்தில் எதிராளி கோல் இருக்கிற அந்தக் கோடியில் நமக்குக் கார்னர் கிடைத்தது. பயிற்சியாளர் இரண்டு கையையும் ஆட்டி உங்களை இருந்த இடத்திலேயே நிற்கச் சொன்னார். நான் பார்த்தேன். தோற்கும்போதுதான் கோல்கீப்பர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எதிராளி கோலுக்கு ஓடுவார், சமநிலையில் ஓட மாட்டார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஐந்து வாரமாகத் தோற்றுத் தோற்று, ஒரு புள்ளி எங்களுக்குப் பிச்சை மாதிரி தெரிந்தது. அந்த வரிசையில் முதலில் எழுந்தவன் நான். முதலில் கத்தியவன் நான். எனக்குப் பிறகுதான் மொத்தப் பக்கமும் எழுந்தது.

நீங்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்கள். கூட்டத்தை இல்லை, என்னை. நான் கையை வீசி இன்னும் உரக்க "போங்க மாப்பிள்ளை, போங்க" என்றேன். நீங்கள் ஓடினீர்கள்.

பிறகு நடந்ததை எழுத வேண்டியதில்லை. அவர்கள் தலையால் முட்டி வெளியே தள்ளிய பந்தை நடுக்கோட்டிலிருந்து ஒருவன் உதைத்தான். ஆளில்லாத கோலுக்குள் அது உருண்டு வந்ததை எங்கள் மூக்குக்கு நேராகப் பார்த்தோம். நீங்கள் மைதானம் முழுக்கத் திரும்பி ஓடிவந்து பாய்ந்தீர்கள். விரல் நுனி கம்பத்தில்தான் பட்டது. எழுந்தபோது உங்கள் முகத்தில் ஒட்டியிருந்த புல்கூட எனக்குத் தெரிந்தது. போகச் சொல்லிக் கத்திய அதே வாய்கள் உங்களைக் கேலியாகக் கூவி வெளியே அனுப்பின. நான் கூவவில்லை. ஆனால் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. மஃப்ளரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுக்கப் போனேன்.

சலூனில் இதையெல்லாம் சொன்னேன். உடனே எல்லோரும் மனம் திருந்திவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். விசில் கத்திரியை மேசையில் வைத்துவிட்டு, "முதலாளி, கத்துறது எங்க வேலை. கேக்காம இருக்கறது அவர் வேலை" என்றார். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. என்னிடமும் ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வந்து இந்த விலைக்குக் கொடு, அந்த விலைக்குக் கொடு என்று கத்துகிறார்கள். நான் கேட்டிருந்தால் என்றைக்கோ கடையைப் பூட்டியிருப்பேன்.

அன்று இரவு தார்ப்பாயில் என்ன எழுதுவது என்று மூன்று மணி நேரம் சண்டை போட்டார்கள். முடிவு வரவில்லை. சனிக்கிழமை வெள்ளைத் தார்ப்பாயாகவே மைதானத்துக்கு வந்தது. இடைவேளைக்கு முன்னால் மழை கொட்டியது. எங்கள் பக்கத்துக் கூரை ஒழுகும் என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு வரிசை ஆட்களும் அந்தத் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மீதி ஆட்டத்தைப் பார்த்தோம். இரண்டாவது கோல் விழுந்தபோது விசில் என் காதோரம், "இதை அவர் பிடிச்சிருப்பார்" என்றார். மூன்றாவது கோலுக்கு, "இதையும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

ஏழு தோல்வி கண்ட அணிக்காக அத்தனை பேர் மழையில் உட்கார்ந்திருந்தார்கள். பாதியில் எழுந்து போனவர் ஒருவர்கூட இல்லை. ஒரு தடவை கெட்ட சரக்கு கொடுத்தால் என் கடை வாசலை மிதிக்காதவர்களை வைத்து நான் பிழைத்தவன். இந்த ஆட்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. திட்டுகிறார்கள், ஆனால் வருகிறார்கள்.

முந்தாநாள் என் மகளிடம் உண்மையைச் சொன்னேன். முதலில் கத்தியது நான்தான் என்றேன். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்பா. டிவில உங்க வாய் தெரிஞ்சுது. பத்துத் தடவை திருப்பித் திருப்பிப் போட்டாங்க" என்றாள். அவர் உன்னிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "உங்க அப்பாவ எதுவும் கேக்காதேன்னு மட்டும் சொன்னார்" என்றாள்.

மாப்பிள்ளை, அன்று ஆட்டம் முடிந்து பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டபோது, பயிற்சியாளர் சொன்னதை மீறி ஏன் ஓடினீர்கள் என்று கேட்டார்கள். "என்னோட முடிவு" என்றீர்கள். இரண்டே சொல். ரசிகர்கள் கூப்பிட்டார்கள் என்று சொல்லியிருந்தால் பாதிப் பழி அன்றே இறங்கியிருக்கும். மாமனார் கூப்பிட்டார் என்று சொல்லியிருந்தால் மொத்தமும் இறங்கியிருக்கும். மறுநாள் என் கடை வாசலில்தான் கூட்டம் கூடியிருக்கும். உங்களுக்கு என் மகளைக் கொடுக்கும்போது பந்து பிடிக்கிறவனுக்கு என்ன எதிர்காலம் என்று நான் நாலு பேரிடம் விசாரித்தேன். நல்ல சம்பளம் என்றார்கள், சரி என்றேன். நான் விசாரித்ததெல்லாம் அவ்வளவுதான். விசாரிக்காமலே எனக்குக் கிடைத்தது எது என்று இப்போதுதான் தெரிகிறது.

வாருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு என்னென்ன சொல்ல வேண்டுமோ எல்லாம் எனக்குத் தெரியும். பேசிப் பேசியே சரக்கு விற்றவன் நான். ஆனால் உங்களை ஒருமுறை ஓடவைத்துவிட்டேன். மறுபடி அந்த வேலையைச் செய்ய மனம் வரவில்லை. வராவிட்டாலும் கவலைப்படாதீர்கள், பாவம் பார்த்துக் கடையில் உங்களுக்கு நாற்காலி போட மாட்டேன். அதில் நீங்கள் உட்கார மாட்டீர்கள்.

ஒன்று மட்டும் செய்யப்போகிறேன். வியாழக்கிழமை மதியம் உங்கள் ஊர் ரயில் இங்கே வந்து நிற்கிறது. அன்று கடைக்கு விடுமுறை விட்டிருக்கிறேன். அத்தைக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்கிறாள். நான் வேனோடு ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். நீங்கள் இறங்கினால் ஒன்றும் கேட்க மாட்டேன், ஒன்றும் சொல்ல மாட்டேன். பையை வாங்கிப் பின்னால் வைப்பேன். முதல் சந்திப்பில் இடது பக்கம் திரும்பினால் மைதானம், வலது பக்கம் திரும்பினால் வீடு. எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லும்வரை வண்டியை நகர்த்த மாட்டேன். பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் சரி.

வீங்கிய விரலுக்கு ஒத்தடம் கொடுங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று நானும் அத்தையும் நாள்தோறும் வேண்டிக்கொள்கிறோம்.

உங்கள்
மாமா