தெரியாது என்றொரு பொத்தான்

ராத்தா,

இன்று ஒரு டிஸ்பென்சரிக்கான செயலியில், நோயாளர்கள் வரும் நேரத்தைத் தெரிவுசெய்யும் பகுதியைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கு ஒரு சக்கரம், நிமிடத்துக்கு ஒரு சக்கரம். சரியாக ஓடுகிறதா என்று விரலால் தள்ளினேன். சுழன்று எங்கோ ஓரிடத்தில் நின்றது. அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை. கணினியை மூடிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா என்று சொல்லிப் பழகிய பாண்டிருப்பு வாய் என்னுடையது. கல்முனை அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, உங்கள் முஸ்லிம் வீட்டில் தங்கைமார் அழைப்பதைக் கேட்டு, ராத்தா என்று அழைக்கத் தொடங்கிவிட்டேன். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காணாமற்போனவர்களின் குடும்பங்களிடம் விபரம் திரட்டுவது நம் வேலை. நீங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்பீர்கள். அதைக் கைபேசியில் பதிவதற்கான செயலியை நான் செய்துகொண்டிருந்தேன்.

‘கடைசியாகக் கண்ட நேரம்’ என்ற கேள்வியைச் சேர்க்கும்படி கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். சேர்த்தேன். திறந்ததும் அப்போதைய நேரத்தைக் காட்டும். சக்கரத்தைத் தள்ளி மாற்றிக்கொள்ளலாம். வெறுமையாக விட்டு அடுத்த கேள்விக்குப் போக முடியாது. எதுவும் விடுபடக் கூடாது என்று அப்படித்தான் கேட்டிருந்தார்கள்.

அதைச் சோதித்துப் பார்க்கத் திருக்கோவிலுக்குப் போனோம். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் வயலுக்குப் போன மகன் திரும்பி வராத ஒரு தாயின் வீடு. பாயில் அவருக்கு முன்னால் உட்கார்ந்து நீங்கள் கேட்டீர்கள்.

“தம்பி வெளிக்கிடக்குள்ள எத்தின மணி இருக்கும் அம்மா?”

“மணி ஆரு பாத்த மகள்? நான் நெல்லவிச்சிக்கொண்டு நிண்ட. வரம்பப் பாத்திட்டு வாறன் எண்டு சைக்கிள எடுத்தவன்.”

“காலமையா, பின்னேரமா?”

“வெயில் இருந்த.” அவர் கைபேசியைப் பார்த்தார். குரல் தாழ்ந்துவிட்டது. “பிழையாச் சொன்னா அவனத் தேட மாட்டாங்களா மகள்?”

நீங்கள் கைபேசியைப் பாயில் கவிழ்த்து வைத்தீர்கள்.

“மணிய விடுங்க அம்மா. நெல்லவிச்ச எண்டீங்களே, அதச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். வெகுநேரம் சொன்னார். அன்று செயலியில் ஒன்றும் பதிவாகவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரம் இருந்தீர்கள். சுனாமியில் உங்கள் மகளைப் பறிகொடுத்தது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். நீங்களாக அதைப் பற்றிக் கதைத்து நான் கேட்டதில்லை. அக்கரைப்பற்றைத் தாண்டியதும், வெளியே பார்த்தபடியே சொன்னீர்கள்.

“மகள்ட மவுத்தப் பதிஞ்சு மரணப் பத்திரம் எடுக்கக்குள்ள எனக்கிட்டயும் மணி கேட்டாங்க, புள்ள. தெரியா எண்டு சொன்ன. திரும்பத் திரும்பக் கேட்டாங்க. எனக்குப் பின்னால ஆக்கள் வரிசையில நிண்டாங்க. ஒரு மணியச் சொல்லிட்டு வந்திட்டன். இப்ப அதுதான் என்ட மகள்ட மணி. அந்த மணிக்கு அவ உசிரோட இருந்தாவோ, எனக்கென்ன தெரியும்?”

உங்கள் பையை என் மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் சக்கரங்களுக்குக் கீழே ‘தெரியாது’ என்றொரு பொத்தானை வைத்தேன். அதை அழுத்தினால், அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுத ஓர் இடம் திறக்கும். கொழும்பில் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி விட்டால் அறிக்கையில் இடைவெளி விழும் என்றார்கள். நீங்கள் போனை என்னிடமிருந்து வாங்கினீர்கள்.

“இவங்களுக்குத் தெரியாததத் தெரியும் எண்டு எழுத எனக்கு ஏலா, சேர். அந்தப் பொத்தான் இல்லாட்டி நான் வீடுகளுக்குப் போகல்ல.”

கோபமில்லாமல்தான் சொன்னீர்கள். களைத்துப்போன குரல். சில நாள் கழித்துச் சம்மதம் வந்தது. பிறகு கோமாரி வரை போனோம். அநேகமான வீடுகளில் நீங்கள் அந்தப் பொத்தானைத்தான் அழுத்தினீர்கள். மாடு கட்டின நேரம், பிள்ளைக்குப் பால் கொடுத்த நேரம், மழை விட்ட நேரம் என்று அந்த இடம் நிறைந்தது.

பிறகு திட்டம் முடிந்தது. அலுவலகத்தை மூடினார்கள். அதன்பிறகும் நீங்கள் திருக்கோவில் அம்மாவிடம் போய்வந்துகொண்டிருந்தீர்கள். நாம் கேட்டு எழுதியவர்களில் ஒருவரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. நான் கடைகளுக்கும் டிஸ்பென்சரிகளுக்கும் செயலி செய்யப் போனேன். உங்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, கடைசியில் கதைக்கவும் சக்தி இல்லாமற்போனது. போன வருடம் நீங்களும் போய்விட்டீர்கள்.

திருக்கோவில் அம்மாவுக்கு அதைச் சொல்ல வேறு ஆளில்லை. நான்தான் போனேன். வாசலில் நின்று கேட்டவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப, இனி ஆரு வந்து கேக்கிற?” என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்து, அவருடைய மகனைப் பற்றிக் கேட்டேன். அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை போய்க்கொண்டிருக்கிறேன், ராத்தா. பதிவதற்கு ஒன்றுமில்லை, அனுப்புவதற்கும் ஆளில்லை. சில நாட்களில் போகவே மனம் வராது. ஆனாலும் போகிறேன். ஒவ்வொரு முறையும் அவர் வேறோர் இடத்தில் தொடங்குகிறார். போன முறை, அவன் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று வேலிக்குள் ஒளிந்திருந்த கதை. சொல்லும்போது சிரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பஸ்ஸை விட்டுவிட்டு, இருந்து கேட்டேன்.